இரவில் குதிரையை லோரியில் கொண்டு போகும்போது உள்ளே விளக்கு எரியலாமா?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு இரவு நேரத்தில் காரில் ஏறியவர்களுக்கு இது பழகிய காட்சியாக இருக்கும். ரிங்லெட் தாண்டியதும் பனி இறங்கும். பின் சீட்டில் யாராவது கீழே விழுந்த போனைத் தேட உள் விளக்கைப் போடுவார்கள். அடுத்த வினாடி முன் சீட்டிலிருந்து சத்தம் வரும்: "லைட்ட அணைடா, ரோடு தெரியல!"

எங்கள் பாட்டி வீடு கோலா தெர்லாவில். பிரிஞ்சாங், திரிங்காப் தாண்டி, கம்போங் ராஜாவுக்கு முன்னால் வரும் சின்ன ஊர். பள்ளி விடுமுறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் இந்தத் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்பா சும்மா கோபப்படுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் அவர் சொன்னது பௌதிகம். கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். வெளியே இருட்டாகவும் உள்ளே வெளிச்சமாகவும் இருந்தால் அந்த 8 விழுக்காடே போதும், ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறிவிடும். சாலைக்குப் பதிலாக நம் முகம் தெரியும்.

இப்போது பின் சீட்டில் இருப்பது நாம் இல்லை, 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரை என்று வைத்துக்கொள்வோம். விளக்கைப் போடுவதா, அணைப்பதா?

கேட்க விளையாட்டாக இருக்கலாம். ஆனால் இரும்புப் பெட்டிக்குள் மிரண்டுபோன குதிரை காலை உதைத்தால் முதலில் அடிபடுவது குதிரை. அடுத்தது பக்கத்தில் நிற்கும் குதிரைக்காரர். மலேசியப் பந்தய லாயங்களில் அந்த வேலையைத் தலைமுறைகளாகப் பார்த்தவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர்.

கோலா தெர்லாவுக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு?

நேரடியாகப் பெரிய தொடர்பு இல்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் மோட்டார் வாகனம் வந்த பிறகு பிறந்தவை. ஜே.ஏ. ரசல் 1929-ல் போ தோட்டத்தைத் தொடங்கினார். செங்குத்தான காட்டைத் தோட்டமாக்கியது தொழிலாளர்களும், சில கோவேறு கழுதைகளும், ஒரு பழைய நீராவி ரோடு ரோலரும்தான் என்று அந்த நிறுவனம் சொல்லும் சொந்த வரலாற்றில் வருகிறது. கோவேறு கழுதை குதிரையின் பிள்ளைதான் என்பதால் உறவு முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது.

சாலையைப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். கோலா தெர்லாவிலிருந்து சற்று வடக்கே கம்போங் ராஜா. அங்கே சந்திப்பது ஈப்போ பக்கத்திலிருக்கும் சிம்பாங் பூலாயிலிருந்து புறப்பட்டு, லோஜிங், குவா மூசாங் வழியாகத் திரங்கானுவின் கோலா ஜெனரிஸ் வரை போகும் கூட்டரசுச் சாலை 185. மேற்கே ஈப்போவில் 1886-ல் தொடங்கிய பேராக் டர்ஃப் கிளப். கிழக்கே திரங்கானுவில், 2008-ல் உலக நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டி நடந்த இடம். பகாங்கின் பெக்கானில் போலோ மைதானம். மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குக் குதிரையை லோரியில் ஏற்றினால் நடுவில் மலை நிற்கிறது. அதைத் தாண்டும் வழிகளில் ஒன்று தேயிலையையும் முட்டைக்கோஸையும் ஒட்டிப் போகிறது.

தெற்கிலும் ஒரு மாற்றம். சிங்கப்பூரில் 1842-லிருந்து இயங்கிய டர்ஃப் கிளப், கிராஞ்சியில் தன் கடைசிப் பந்தயத்தை 2024 அக்டோபர் 5-ஆம் தேதி நடத்தி முடித்தது. மூடப்போகிறோம் என்று 2023 ஜூனில் அறிவித்தபோது அங்கே சுமார் 700 பந்தயக் குதிரைகள் இருந்தன. அவற்றில் பல மலேசியாவுக்கு வந்தன.

தமிழ்நாட்டில் இதே காட்சிக்கு ஊட்டி இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்துவந்த கோடைப் பந்தயத்துக்காக, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குதிரைகள் லோரியில் மலை ஏறும். தேயிலைத் தோட்டம், கொண்டை ஊசி வளைவு, பனி எல்லாம் அங்கேயும் உண்டு. 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு அந்தப் பந்தய மைதான நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது வேறு கதை.

ஏன் இரவில்?

வெயில்தான் காரணம். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ மத்தியானம் 33 டிகிரி. நின்றுகொண்டிருக்கும் லோரிக்குள் அதைவிட அதிகம். குதிரையின் உடம்பே ஒரு அடுப்பு மாதிரி. வளைவுகளில் விழாமல் நிற்கத் தசைகளை இறுக்கிக்கொண்டே இருப்பதால் சூடு இன்னும் ஏறும். நெரிசலில் ஒரு மணி நேரம் மாட்டினால் போதும், உடம்பில் நீர் வற்றத் தொடங்கிவிடும். அதனால் இரவிலோ விடியலுக்கு முன்போ கிளம்புவது நல்ல முடிவுதான். சாலையும் காலி.

வெப்பப் பிரச்சினை தீர்ந்ததும் வெளிச்சப் பிரச்சினை வந்து நிற்கும்.

குதிரைக்கு இருட்டில் கண் தெரியுமா?

நம்மைவிட நன்றாகவே தெரியும். தரையில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களில் ஒன்று குதிரையினுடையது. நம் கண் விழி விட்டம் ஏறக்குறைய 2.4 சென்டிமீட்டர், குதிரைக்குச் சுமார் 4 சென்டிமீட்டர். விழித்திரைக்குப் பின்னால் பளபளப்பான ஒரு படலம் இருக்கிறது. முதல் தடவை பிடிக்கத் தவறிய ஒளியை இந்தப் படலம் திருப்பி அனுப்பி இரண்டாவது வாய்ப்பு தரும். இரவில் பூனையின் கண் மின்னுவதும் இதே காரணத்தால்தான். எவலின் ஹாங்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கூடவே இருந்த மனிதர்களுக்கு எதுவும் தெரியாத இருட்டிலும் குதிரைகள் வட்டத்தையும் முக்கோணத்தையும் பிரித்துத் தேர்ந்தெடுத்தன.

அப்படியானால் விளக்கே வேண்டாமே? இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள்.

குதிரையின் கண் இருட்டுக்குப் பழகியதும் பிரமாதமாக வேலை செய்யும். பழகுவதற்கு ஆகும் நேரம்தான் சிக்கல். நல்ல வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் நம் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். சினிமா ஹாலில் தாமதமாக நுழைந்து யார் காலையோ மிதித்தவர்களுக்கு இது தெரியும். குதிரைக்கு நம்மைவிடவும் அதிக நேரம் ஆகும் என்று கருதப்படுகிறது. மைதானத்து ஃப்ளட்லைட்டுக்குக் கீழே நின்ற குதிரையை இருண்ட பெட்டிக்குள் நுழையச் சொன்னால், அதன் கண்ணுக்கு எதிரே இருப்பது ஒரு கறுப்புப் பள்ளம். வேட்டையாடப்படும் விலங்காகப் பிறந்த ஒன்று, தெரியாத பள்ளத்துக்குள் தலையை நீட்டாது. அது பிடிவாதம் பிடிப்பதாக நமக்குத் தெரியும். அது உண்மையில் உயிர் பிழைக்கும் புத்தி.

இன்னொன்று. பக்கவாட்டில் இரண்டு கண்களும் இருப்பதால் குதிரை தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை பார்க்கும். ஆனால் நேராக நெற்றிக்கு முன்னால் கொஞ்சம், வாலுக்குப் பின்னால் கொஞ்சம் தெரியாது. காலடியில் இருக்கும் பலகையைப் பார்க்கத் தலையைத் தாழ்த்தியாக வேண்டும். கயிற்றை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் அதற்குத் தரை தெரியாது. விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன் இல்லை.

நாங்கள் செய்த தப்பு

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னச் செய்தித் தொகுப்புக்காக விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு லாயத்துக்குப் போயிருந்தோம். குதிரையை லோரியில் ஏற்றும் காட்சி வேண்டும். கேமரா அண்ணன் நல்ல படம் வர வேண்டுமே என்று எல்.இ.டி. விளக்கை லோரிக்கு உள்ளே, வாசலைப் பார்த்த மாதிரி வைத்தார். எங்களுக்கு அது அழகான பேக்லைட்.

குதிரை சரிவுப் பலகைக்கு இரண்டு அடி முன்னால் நின்றுவிட்டது. தலை மேலே போனது. மூக்கால் ஊதியது. அடுத்து மடமடவென்று பின்னால் நடந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழ்க் குதிரைக்காரர். குளம்பு அவர் கால் பக்கத்தில் சிமெண்டில் இறங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"தம்பி, மொதல்ல அந்த லைட்ட அணைங்க. அவன் கண்ணு கூசுது."

"சாரிண்ணே, உள்ள இருட்டா இருக்கேன்னு..."

"வெளிச்சம் வேணாங்கல. அவன் மூஞ்சில அடிக்காதீங்க. மேல பார்த்து வைங்க, கூரைல பட்டு வரட்டும்."

விளக்கைத் திருப்பினோம். கூரையிலும் சுவரிலும் பட்டு வெளிச்சம் பரவியது. அவர் அவசரப்படவில்லை. குதிரையைப் பலகைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்க விட்டார். மூன்று நான்கு நிமிடம் இருக்கும். அப்புறம் அது தானாக ஏறிப் போனது.

அன்றைக்கு அவர் செய்ததை, உலக விலங்கு சுகாதார நிறுவனத்தின் தரைவழிப் போக்குவரத்து விதிமுறையில் பிறகு படித்தேன். ஏற்றும் வழி முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் இருக்க வேண்டும், வாகனத்தின் உட்புறம் அதைவிடக் கொஞ்சம் பிரகாசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் விலங்குகள் முரண்டு பிடித்து நிற்பது குறையும் என்கிறது அந்த விதி. அண்ணன் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ஏற்றும்போது

ஆக, ஏற்றும் நேரத்தில் உள்ளே விளக்கு வேண்டும். குதிரையை அழைத்து வருவதற்கு முன்பே அது எரிய வேண்டும். பாதி ஏறும்போது யாராவது சுவிட்சைத் தட்டினால் எல்லாம் கெட்டது.

வெளிச்சம் பரவலாக, மேலிருந்து வர வேண்டும். ஒரே ஒரு கூர்மையான பல்ப் இருந்தால் தடுப்புக் கம்பிகளின் நிழல் தரையில் கோடு கோடாக விழும். ஆழத்தைக் கணிப்பதில் தடுமாறும் விலங்குக்கு அந்தக் கறுப்புக் கோடு ஒரு வெடிப்பாகவோ பள்ளமாகவோ தெரியலாம். உட்சுவர் வெள்ளையாகவோ இளம் நிறமாகவோ இருந்தால் சின்ன விளக்கே போதும். தரையில் கறுப்பு ரப்பர் பாய் இருந்தால் அதன்மேல் கொஞ்சம் மரத்தூளோ வைக்கோலோ தூவுவது வழுக்காமல் இருக்க மட்டுமில்லை, தரை இருப்பது தெரியவும்தான்.

மின்சாரமே இல்லாத இடத்தில் ஏற்ற வேண்டியிருந்தால்? லோரியின் வாசலை ஒரு தெருவிளக்கைப் பார்த்த மாதிரி நிறுத்தலாம். விளக்கின் ஒளி உள்ளே போய் விழும். இன்னொரு காரின் விளக்கைப் பயன்படுத்தினால் லோ பீமில், குதிரைக்குப் பின்பக்கமாகச் சற்று விலகி நிற்க வேண்டும். நேர் பின்னால் நிறுத்தினால் குதிரையின் நிழலே பலகைமேல் பூதம் மாதிரி விழும்.

ஓடும்போது எரியலாமா?

இதில்தான் கருத்து வேறுபாடு. சிலர் எரியட்டும் என்பார்கள், சிலர் அணைத்துவிடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் காரணம் உண்டு.

முழு இருட்டில் ஓட்டினால் என்ன ஆகும்? எதிரே வரும் ஒவ்வொரு காரின் ஹெட்லைட்டும் காற்று ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்து, சுவரில் ஓடி, மறையும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது ஒவ்வொரு தடவையும் மின்னல். கம்பிகளின் நிழலும் கூடவே ஓடும். நெடுஞ்சாலையில் எதிர்த்தடம் தள்ளி இருப்பதால் பரவாயில்லை. இரண்டு தடமே உள்ள கேமரன் சாலையில், காய்கறி லோரிகள் வரிசையாக இறங்கும் நேரத்தில், வளைவுக்கு வளைவு இந்த மின்னல் அடிக்கும்.

பளிச்சென்று விளக்கைப் போட்டு ஓட்டினால்? அப்பா திட்டிய அதே விஷயம். ஜன்னல் கண்ணாடி முகம் காட்டும். குதிரைக்கு வெளியே தெரியாது, பக்கத்தில் இன்னொரு குதிரை ஆடுவது மாதிரி தன் பிம்பமே தெரியும். தூங்கவும் முடியாது. குதிரை நின்றபடியே சின்னச் சின்னதாகக் கண் அசரும் விலங்கு. நீண்ட பயணத்தில் அந்த ஓய்வும் போனால் களைப்பு சேரும். இறக்கும் இடம் இருட்டாக இருந்தால் கண் பழகாத பிரச்சினை திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும்.

என் கணிப்பில் நடைமுறைக்கு ஏற்றது நடுவழிதான். நிலா வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, மங்கலான, ஆடாத ஒரு கூரை விளக்கு. பௌர்ணமி நிலவின் ஒளி 0.3 லக்ஸைத் தாண்டாது. அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். குதிரைக்குத் தேவையானது முதலாவதற்குத்தான் பக்கம். பின்னணியில் சிறிதளவு ஒளி இருந்தாலே வெளி ஹெட்லைட்டின் அதிர்ச்சி குறையும். கூடவே ஜன்னலுக்குக் காற்றை மறைக்காத தட்டிப் பலகை போட்டால் பாய்ந்து வரும் ஒளியைப் பாதி வெட்டிவிடலாம். காற்றோட்டத்தை அடைத்து இருட்டாக்குவது மட்டும் கூடவே கூடாது.

"ஆடாத" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொக்கியில் தொங்கவிட்ட கேம்பிங் விளக்கு சமதரையில் ஒன்றும் செய்யாது. மலைச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் அது ஊஞ்சலாடும். உள்ளே இருக்கும் எல்லா நிழலும் சேர்ந்து ஆடும். குதிரை தன் சமநிலைக்குக் கால்களை மட்டுமல்ல, கண்ணையும் நம்புகிறது. தரை வலப்பக்கம் சாய, நிழல் இடப்பக்கம் ஓடினால் நமக்கே தலை சுற்றும்.

சிவப்பா, நீலமா, வெள்ளையா?

எல்.இ.டி. வந்த பிறகு எந்த நிறமும் மலிவாகக் கிடைக்கிறது. அலங்காரத்துக்கு நீல விளக்கு மாட்டிய லோரிகளை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். குதிரைப் பெட்டிக்கு அது வேண்டாம். நீல ஒளிதான் உடம்புக்கு "பகல் வந்துவிட்டது" என்று சொல்லும் ஒளி. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், ஒரு கண்ணில் மட்டும் குறைந்த நீல ஒளி பட்டாலும் குதிரையின் மெலடோனின் சுரப்பு குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். இனப்பெருக்கப் பண்ணைக்குப் பயன்படும் விஷயம், இரவுப் பயணத்துக்கு அல்ல.

சிவப்புக்கு ஆதரவாளர்கள் அதிகம். நம் கண்ணில் நிறம் பார்க்க மூன்று வகைச் செல்கள், குதிரைக்கு இரண்டுதான். ஆழ்ந்த சிவப்பு அதற்கு மங்கலாகவே தெரியும். இருட்டுக்குப் பழகிய கண்ணையும் அதிகம் கலைக்காது. மேற்பார்வைக்கு வரும் மனிதருக்கோ வழி தெரியும். நல்ல ஏற்பாடு மாதிரிதான் தோன்றுகிறது, ஒரு விஷயத்தைத் தவிர: சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் தெரியாது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அது ஈரம் மாதிரி, வியர்வை மாதிரி தெரியும். ஈறு வெளுத்திருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க முடியாது. ஓடும்போது சிவப்பு இருக்கலாம். நிறுத்திப் பார்க்கும்போது வெள்ளை வேண்டும். மஞ்சள் கலந்த, மங்கலாக்கக்கூடிய ஒரே வெள்ளை விளக்கு இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

நிறுத்திப் பார்க்கும்போது

உண்மையைச் சொன்னால், உள் விளக்கு குதிரைக்காக என்பதைவிட மனிதருக்காகத்தான் அதிகம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1/2005 எண் ஒழுங்குமுறை, பயணத்தின்போது விலங்குகளைச் சோதிக்கவும் கவனிக்கவும் போதுமான வெளிச்சம் வாகனத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்குகிறது. குதிரைக்கு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், தேவைப்பட்டால் தீனி என்றும் அதே விதி சொல்கிறது. எத்தனை லக்ஸ் என்று எண் போடவில்லை. "போதுமான" என்பதோடு விட்டுவிட்டது.

எதற்குப் போதுமான? கால் தடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறதா. கட்டு அவிழ்ந்து காலில் சுற்றியிருக்கிறதா. வைக்கோல் வலை கீழே தொங்கிக் குளம்பில் சிக்கியிருக்கிறதா. வியர்வை கழுத்தில் மட்டுமா, உடம்பெல்லாமா. மூக்கிலிருந்து சளி வடிகிறதா. தலையைத் தாழ்த்த முடிகிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். பல மணி நேரம் தலையை உயரக் கட்டியே வைத்தால் குதிரையால் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்ற முடியாது. பயணத்துக்குப் பின் வரும் நுரையீரல் அழற்சி பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

இதைப் பார்க்கப் போகும்போது போன் டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. முதலில் குரல் கொடுக்க வேண்டும். பிறகு மங்கல் விளக்கைக் கொஞ்சம் கூட்டி, டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடித்து, காலிலிருந்து மேலே பார்த்து வர வேண்டும்.

இப்போது பலர் அகச்சிவப்புக் கேமரா பொருத்துகிறார்கள். குதிரைக்கும் தெரியாத, நமக்கும் தெரியாத ஒளி அது. ஓட்டுநர் பக்கத்தில் இருப்பவர் திரையில் பார்த்துக்கொண்டே வரலாம், உள்ளே ஒரு விளக்கையும் தொடாமல். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தப் பிரச்சினை இங்கேயும் உண்டு. சந்தேகம் வந்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

ஒயரிங்கில் வரும் வினை

டிரெய்லர்களில் அடிக்கடி நடக்கும் ஒரு சிக்கனம்: உள் விளக்கைப் பார்க்கிங் லைட் ஒயரோடு சேர்த்து மாட்டிவிடுவது. இரவில் ஓட்டும்வரை அணைக்கவே முடியாது. வண்டியை இணைப்பிலிருந்து கழற்றினால் எரியவும் செய்யாது, அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் இருட்டு. தனி சுவிட்ச், முடிந்தால் தனி பேட்டரி என்பதற்கு ஆகும் செலவு பெரியதல்ல.

பழைய இழை பல்புகள் இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அவை சூடாகும், பக்கத்தில் காய்ந்த வைக்கோல் இருக்கிறது. எல்.இ.டி. சூடு குறைவு, பேட்டரியையும் கரைக்காது. எந்த விளக்கானாலும் குதிரையின் வாய்க்கும் தூக்கிய தலைக்கும் எட்டாத இடத்தில், உடையாத மூடிக்குள் இருக்க வேண்டும். ஒயரும் அப்படியே. குதிரை சும்மா இருக்கும்போது எதையாவது கடித்துப் பார்க்கும்.

இன்னொரு விஷயத்தைக் கேமரன் பனியில் ஓட்டியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். வாகனத்தின் பின்பக்கம் சிவப்பு, முன்பக்கம் வெள்ளை என்பதை வைத்துத்தான் முன்னால் போகும் வண்டி எந்தத் திசையில் போகிறது என்று நம் மூளை முடிவு செய்கிறது. பின்கதவுக்கு மேலே உள்ள காற்று இடைவெளி வழியாக வெள்ளை வெளிச்சம் கசிந்தால், பின்னால் வருபவருக்கு ஒரு வண்டி எதிரே வருவது மாதிரியோ ரிவர்ஸ் எடுப்பது மாதிரியோ தோன்றும். ஓடும்போது மங்கல் விளக்கு போதும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

நம் சட்டம்?

மலேசியாவில் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், சட்டம் 772, 2017 ஜூலை 18-லிருந்து அமலில் இருக்கிறது. விலங்குக்குத் தேவையற்ற வலியும் துன்பமும் தரும் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். புகார் கொடுக்க வேண்டிய இடம் கால்நடை சேவைத் துறை. குதிரை இருட்டில் கால் முறிந்து கிடந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் "விளக்கு இல்லை, தெரியவில்லை" என்பது நல்ல பதிலாக இருக்காது.

இறக்கும்போது

ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் அவசரம் அதிகம். எல்லாருக்கும் தூக்கம், வீட்டுக்குப் போக வேண்டும். கதவைத் திறந்ததும் குதிரை பின்னோக்கி இறங்க வேண்டிய டிரெய்லராக இருந்தால், அது தனக்குச் சுத்தமாகத் தெரியாத திசையில் காலை வைக்கிறது. உள்ளே பளிச், வெளியே கும்மிருட்டு என்றால் ஆபத்து இரட்டிப்பு. வெளி விளக்கை முதலில் போட்டு, உள் விளக்கை மெல்லக் கூட்டி, இரண்டும் ஏறக்குறைய சமமாகும் வரை சில நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். பலகையின் இரண்டு ஓரமும் தெரிய வேண்டும். இறங்கிய பிறகும் அதே இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க விடலாம், கண் பழகட்டும்.

வழியில் இப்படி ஒரு லோரி நின்றிருந்தால்

கோலா தெர்லா பக்கம் இருப்பவர்களுக்கு இது எப்போதாவது பயன்படலாம். பனியில், சாலையோரத்தில், கால்நடையோடு ஒரு லோரி பழுதாகி நிற்கிறது. உதவி செய்ய நினைத்து நாம் செய்யும் முதல் காரியமே தப்பாக இருக்கலாம்: ஹை பீமில் வெளிச்சம் அடிப்பது, ஹாரன் அடிப்பது, ஜன்னல் வழியாகப் பிளாஷ் போட்டுப் படம் எடுப்பது. லோ பீமுக்கு மாறுங்கள். உங்கள் வண்டியை வளைவுக்கு முன்பே நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, பின்னால் வருபவர்களை எச்சரியுங்கள். ஓட்டுநர் கேட்டால் ஒழிய பின்கதவைத் தொடாதீர்கள். மிரண்ட குதிரை சாலையில் இறங்கிவிட்டால் இருட்டில் அதைப் பிடிப்பது யாராலும் ஆகாத காரியம். யாருக்காவது அடிபட்டிருந்தாலோ லோரி சாய்ந்திருந்தாலோ 999-ஐ அழைத்து, உள்ளே குதிரை இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வருகிற தீயணைப்பு வீரர்கள் அதற்கேற்ற கயிறோடும், சைரனை அணைத்துவிட்டும் வர அது உதவும்.